மலர்த்தேனில் நஞ்சு

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முற்பட்ட நிகழ்ச்சி இது. அப்பொழுது நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். பள்ளியின் பின்புறத்தில் வேலியோரமாக எருக்கஞ்செடிகள் அடர்ந்து நின்றன. பூவின் உறுப்புகளை நேரிலேயே காட்டிவிடலாம் என்று ஒரு நாள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றேன். எருக்கம்பாலைத் தொடக்கூடாது, கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்று எச்சரித்துவிட்டுப் புல்லி வட்டம், அல்லி வட்டம் என்று விளக்கத் தொடங்கினேன். அந்நேரம் ஒரு பெரிய கருவண்டு ரீங்காரமிட்டு வந்து எருக்கம்பூவில் அமர்ந்தது. மரத்தைத் துளைத்து அதனுள் குடியிருக்கும் வண்டு அது. வண்டு என்று நாம் அழைத்தாலும் உண்மையில் தேனீ இனத்தைச் சேர்ந்தது. பூவுக்குப் பூ சென்று அது தேன் உண்பதைப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

கடைசியில் நின்றிருந்த ஒரு சிறுவன் கேட்டான்: “ஐயா, இந்தச் செடி முழுவதும் நஞ்சு என்று சொன்னீர்கள். இதன் தேனைக் குடிக்கிற வண்டுக்கு ஒன்றும் ஆகாதா?”

எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லும் துணிவும் அந்த வயதில் எனக்கு இல்லை. “தேன் என்பது பூ வைக்கும் விருந்து. விருந்தில் யாராவது நஞ்சு கலப்பார்களா? பேசாமல் கவனி” என்றேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவ்வாண்டு முழுவதும் அவன் என்னிடம் வேறொரு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் படிப்பதற்கு நேரம் கிடைத்தது. தேனீக்களைப் பற்றியும் பூக்களைப் பற்றியும் அறிஞர்கள் செய்துள்ள ஆராய்ச்சிகளைப் படிக்கப் படிக்க, அன்று நான் சொன்ன விடை பிழையானது என்று தெரிந்தது. பூக்கள் தம் விருந்தில் நஞ்சு கலக்கத்தான் செய்கின்றன. அந்த நஞ்சு ஒரு தேனீயைக் கொல்கிறது. மற்றொன்றுக்கு ஒன்றும் செய்வதில்லை. வேறொன்றுக்கு மருந்தாகவும் அமைகிறது. இது எவ்வாறு என்பதையே இன்று நேயர்களுக்கு விளக்க விரும்புகின்றேன்.

தேனில் நஞ்சு உண்டு என்பது புதிதாகக் கண்டறிந்த செய்தியன்று. கி.மு. 401-ஆம் ஆண்டில் பாரசீக நாட்டில் நிகழ்ந்த ஓர் அரசுரிமைப் போரில் கூலிப்படையாகச் சென்ற கிரேக்க வீரர்கள், தங்களை அழைத்துச் சென்ற இளவரசன் மாண்டுபோகவே, நெடுந்தொலைவு நடந்து தாயகம் திரும்பினார்கள். அப்படையை நடத்திச் சென்றவர்களுள் ஒருவராகிய செனபோன் அந்தப் பயணத்தை நூலாக எழுதி வைத்தார். கருங்கடலின் தென்கரையில், இன்று துருக்கி நாட்டில் திராப்சோன் என வழங்கும் ஊருக்கு அருகில் வந்தபோது வீரர்கள் தேனடைகளைக் கண்டு ஆசையோடு உண்டார்கள். சிறிது உண்டவர்கள் குடித்து மயங்கியவர்களைப்போல் தள்ளாடினார்கள். மிகுதியாக உண்டவர்கள் பித்தர்களைப்போல் ஆனார்கள். வாந்தியும் பேதியும் கண்டு, எழுந்து நிற்க வலுவின்றி, தோற்ற படையைப்போல் தரையெங்கும் கிடந்தார்கள். ஆயினும் ஒருவரும் இறக்கவில்லை. மூன்று நான்கு நாட்களில் எல்லாரும் எழுந்து நடந்தார்கள்.

பிற்காலத்தில் அதே கரையில் ரோமாபுரித் தளபதி பாம்பேயின் படைக்கு நேர்ந்த கதி இதனினும் கொடியது. அவ்வூர் மலைவாழ் மக்கள் இத்தேனைக் கலங்களில் நிரப்பி வழியோரம் வைத்தார்கள் என்றும், அதைப் பருகி மயங்கிய மூன்று படைப்பிரிவினரை எளிதில் வெட்டி வீழ்த்தினார்கள் என்றும் ஸ்டிராபோ என்னும் நிலநூல் அறிஞர் எழுதியுள்ளார். இன்றும் துருக்கியர் அத்தேனைப் பித்துத் தேன் என்ற பொருள்படும் பெயராலேயே அழைக்கின்றனர்.

அத்தேன் எங்கிருந்து வருகிறது? ரோடோடென்ட்ரான் என்னும் புதர்ச்செடியின் பூவிலிருந்து வருகிறது. இச்செடியின் உறவினர் ஒருவரை நம்மில் பலர் பார்த்திருக்கலாம். நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைகளின் ஓரத்தில் செக்கச் செவேலென்று பூத்து நிற்கும் காட்டுப்பூவரசு இக்குலத்தைச் சேர்ந்த மரமே. கருங்கடற்கரையில் வளர்வது ஊதா நிறப் பூக்கள் கொண்ட புதர். அதன் இலையிலும் பூவிலும் பூந்தேனிலும் கிரேயனோடாக்சின் என்னும் நஞ்சு உண்டு.

இந்நஞ்சு என்ன செய்கிறது? நம் உடலில் நரம்புகளின் வழியே செய்தி செல்வதற்கு நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. வாயில் திறந்தால் சோடியம் அயனிகள் உள்ளே பாயும். அதனால் செய்தி பிறக்கும். உடனே வாயில் மூடிக்கொள்ளும். நரம்பு ஓய்ந்து அடுத்த செய்திக்கு ஆயத்தமாகும். கிரேயனோடாக்சின் இந்த வாயிலின் கதவு மூடாதபடி இடுக்கில் செருகிய கட்டையைப்போல் தடுத்துவிடுகிறது. நரம்புக்கு ஓய்வில்லை. அதன் விளைவாக நாடி தளர்கிறது; இரத்த அழுத்தம் இறங்குகிறது; தலை சுற்றுகிறது. பூச்சிகளின் நரம்பிலும் இதே வகையான வாயில்கள் உண்டு. அப்படியானால், மனிதனைத் தரையில் கிடத்தும் தேன், அவனினும் எத்தனையோ மடங்கு சிறிய தேனீயை என்ன செய்யவேண்டும்? சிறுவன் கேட்ட கேள்வி இதுதான்.

இதற்கு விடை காணவேண்டுமானால் மற்றொரு தேனீயை நாம் அறிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலேயர் அதை பம்பிள்பீ என்பர். நாம் பம்பிள் தேனீ என்றே வைத்துக்கொள்வோம். உடல் பருத்து, அடர்ந்த மயிர் போர்த்து, கருமையும் மஞ்சளும் பட்டை பட்டையாக விளங்கும் தேனீ அது. உலகில் ஏறக்குறைய 250 இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை குளிர் நாட்டின. நம் நாட்டில் இமயமலைச் சரிவுகளில் பல இனங்கள் வாழ்கின்றன; தென்னகக் காடுகளில் இயற்கையாக இல்லை. மற்றப் பூச்சிகள் விறைத்துக் கிடக்கும் குளிரிலும் இது தன் பறவைத் தசைகளை நடுக்கி உடலைச் சூடேற்றிக்கொண்டு கிளம்பிவிடும். ராணி மட்டும் பனிக்காலத்தை மண்ணுக்குள் உறங்கிக் கழிக்கும். வேனில் பிறந்ததும் தனியே எழுந்து, எலி விட்டுப்போன வளை போன்ற ஓரிடத்தைத் தேடி, மெழுகால் சிறு கலயம் செய்து தேன் நிரப்பி, முட்டையிட்டுக் குடும்பத்தைத் தொடங்கும். பெரிய குடும்பத்திலும் சில நூறு பேர்தாம் இருப்பார்கள். மனிதர் எடுத்துண்ணும் அளவுக்கு அது தேன் சேர்ப்பதில்லை. ஆனால் காட்டுப் பூக்களும் தோட்டப் பயிர்களும் கனியாவதற்கு அந்நாடுகளில் அது பெருந்துணை.

நாம் பேசிய ரோடோடென்ட்ரான் புதர், கருங்கடற்கரையிலும் ஸ்பெயின், போர்த்துகல் நாடுகளிலும் இயற்கையாக வளர்வது. 1763-ஆம் ஆண்டில் பூவின் அழகுக்காக அதை இங்கிலாந்துக்குக் கொண்டு வந்தார்கள். மாளிகைத் தோட்டங்களில் நட்டது வேலி தாண்டியது. நம் நாட்டில் உண்ணிச்செடியும் சீமைக் கருவேலமும் பரவியதுபோல் அங்கே அது காடுகளைப் பிடித்துக்கொண்டது. அயர்லாந்தின் கில்லார்னிப் பகுதியிலுள்ள பழைய ஓக் மரக் காடுகளில் அப்புதரை வெட்டி அகற்றுவது இன்றும் ஓயாத வேலை. வேனிலில் மலைச்சரிவு முழுவதும் ஊதாப் பூக்கள். தேனும் நிறையச் சுரக்கிறது. அத்தேனை உண்ணும் தேனீக்களின் கதி என்ன?

அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஜேன் ஸ்டவுட் என்னும் பேராசிரியரும், இலண்டன் கியூ தோட்டத்தைச் சேர்ந்த பிலிப் ஸ்டீவன்சன் முதலியோரும் இதை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். மூன்று வகைத் தேனீக்களுக்கு அந்நஞ்சு கலந்த சர்க்கரைப் பாகை ஊட்டிப் பார்த்தார்கள். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கள் சில மணி நேரத்திலேயே மடிந்தன. மண்ணில் வளை தோண்டித் தனியே வாழும் ஒரு சிறு தேனீ இறக்கவில்லை. ஆனால் நோயுற்றதுபோல் சோர்ந்து தடுமாறியது. பம்பிள் தேனீக்கோ ஒன்றும் நேரவில்லை. பசியால் வாட்டியும், நோய்க்கிருமி உடலில் உள்ளபோது கொடுத்தும் பார்த்தார்கள். அப்பொழுதும் தீங்கு காணவில்லை. ஒரே பூ, ஒரே தேன். ஒருவர்க்குச் சாவு, ஒருவர்க்குச் சோர்வு, ஒருவர்க்கு வயிறார உணவு.

இங்கே நேயர்களுக்கு ஓர் ஐயம் எழும். பெட்டித் தேனீ இந்நஞ்சால் மடியுமானால், செனபோனின் வீரர்கள் உண்ட தேனடையைக் கட்டியது யார்? தேனீக்கள்தாமே? நேபாள நாட்டிலும் பாறைத் தேனீக்கள் ரோடோடென்ட்ரான் பூக்களிலிருந்து இத்தகைய மயக்கும் தேனைச் சேர்க்கின்றனவே? நியாயமான ஐயம். பன்னெடுங்காலம் அச்செடியோடு கூடி வாழ்ந்த தேனீக்கள் அந்நஞ்சைத் தாங்கும் ஆற்றலைத் தலைமுறை தலைமுறையாகப் பெற்றிருக்க வேண்டும் என்றும், அயர்லாந்துத் தேனீக்கு அந்தப் பழக்கம் வாய்க்கவில்லை என்றும் ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

செடியும் சும்மா இருக்கவில்லை. ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் உள்ள செடிகளின் பூந்தேனையும், அயர்லாந்திலும் பிரிட்டனிலும் பரவிய செடிகளின் பூந்தேனையும் ஒப்பிட்டார்கள். புது நாட்டுச் செடிகளின் தேனில் நஞ்சு குறைந்திருந்தது. சில செடிகளின் தேனில் அறவே இல்லை. வந்தேறிய நாட்டில் வருகின்ற விருந்தினரைக் கொன்றுகொண்டே இருந்தால் மகரந்தத்தை யார் சுமப்பார்? நஞ்சு குறைந்த செடிகளுக்கே அங்கே வாழ்வு எளிதாயிருந்தது போலும்.

சரி, பூந்தேனில் நஞ்சு எதற்கு? தேன் என்பது மகரந்தம் சுமப்பதற்குச் செடி கொடுக்கும் கூலி. கூலியில் நஞ்சு கலப்பது அறிவுடைமையா? அறிஞர்கள் இதற்குப் பல காரணங்களைக் காட்டுகின்றனர்.

முதலாவது, இலையையும் தண்டையும் புழுவும் ஆடுமாடும் தின்னாமல் காப்பதற்காகச் செடி நஞ்சைச் செய்கிறது. அது சாற்றோடு ஓடிப் பூவிலும் கொஞ்சம் கசிகிறது. இது செடியின் கருத்தன்று, நேர்ந்துவிடும் செலவு.

இரண்டாவது, திருடரை விலக்குதல். பூக்களுக்கும் திருடர் உண்டு என்றால் சிலர் வியப்படைவர். நாட்டு வைத்தியர்கள் வச்சநாபி என்று அறிந்த கொடிய நஞ்சுச் செடியின் குடும்பம் ஐரோப்பாவிலும் வளர்கிறது. தலைக்கவசம் போன்ற வடிவுடைய அதன் பூவில் தேன் மிக உள்ளே ஒளிந்திருக்கும். நீண்ட நாவுடைய பம்பிள் தேனீ பூவின் வாயில் வழியே நுழைந்து தேனுண்டு, மகரந்தத்தையும் சுமந்து செல்லும். குட்டை நாவுடைய இனமோ பூவின் புறத்தே துளையிட்டுத் தேனை உறிஞ்சிவிட்டு மகரந்தத்தைத் தொடாமலே போய்விடும். 2017-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் இக்குடும்பத்தின் இரண்டு செடிகளை ஒப்பிட்டார்கள். எதன் தேனில் நஞ்சு மிகுதியோ அதில் திருட்டுக் குறைந்திருந்தது. கசப்பே பூட்டாக நின்றது.

மூன்றாவது காரணம் நம் காலைப்பொழுதோடு தொடர்புடையது. காப்பிச் செடியின் பூந்தேனிலும், எலுமிச்சை, நாரத்தை முதலிய மரங்களின் பூந்தேனிலும் காஃபீன் என்னும் பொருள் உண்டு. இலையிலும் விதையிலும் அது பூச்சிகளுக்கு நஞ்சு. வாயில் பட்டால் கசப்பு. ஆனால் பூந்தேனில் தேனீ உணரமுடியாத அளவுக்குச் சிறிதே இருக்கிறது. ஜெரால்டின் ரைட் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் 2013-இல் ஒரு செய்தியைக் காட்டினார்கள். வெறும் பாகு உண்ட தேனீக்களைவிடக் காஃபீன் கலந்த பாகு உண்டவற்றுள் மூன்று மடங்கு தேனீக்கள் அந்தப் பூவின் மணத்தை மறுநாளும் நினைவில் வைத்திருந்தன. தன்னை மறவாமல் திரும்பி வருவதற்குச் செடி செய்யும் ஏற்பாடு இது. காப்பிக்கு அடிமையான நாம் அத்தேனீயைப் பார்த்து நகைக்க உரிமையில்லை. புகையிலைச் செடியின் நிக்கோட்டினும் இவ்வாறே. சிறிய அளவில் அதைப் பாகில் கலந்து கொடுத்தபோது பம்பிள் தேனீக்கள் அந்தப் பூவின் நிறத்தை விரைவில் கற்றன. அதைவிட நல்ல பூ வேறுண்டு என்ற நிலையிலும் பழைய பூவையே பற்றிக்கொண்டிருந்தன.

இவற்றைக் கேட்டுவிட்டு, பம்பிள் தேனீக்கு எந்த நஞ்சும் தீங்கு செய்யாது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பூந்தேனில் இயற்கையாக உள்ள சிறிய அளவு நஞ்சுகளில் பலவற்றை அதன் நா உணர்வதே இல்லை என்று 2014-இல் சோதித்துக் கண்டார்கள். உணராததை எவ்வாறு விலக்கும்? தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் உணவுக்காகப் பயிரிடப்படும் லூப்பின் என்னும் பருப்புச் செடியின் மகரந்தத்தில் லூப்பனின் என்ற அல்கலாய்டு உண்டு. தேன் தேனீக்கு எரிபொருளென்றால், மகரந்தம் குஞ்சுகளை வளர்க்கும் புரத உணவு. இந்நஞ்சு கலந்த மகரந்தத்தை ஊட்டிய சிறு கூடுகளில் ஆண் தேனீக்கள் குறைவாகப் பிறந்தன. பிறந்தவையும் உடல் சிறுத்திருந்தன. தாய்த் தேனீக்கள் நலமாகவே உலவின. நஞ்சின் வேலை அடுத்த தலைமுறையில் தெரிந்தது.

இனி, இவ்வாராய்ச்சிகளுள் என்னை மிகவும் நெகிழச் செய்த பகுதிக்கு வருகின்றேன். பம்பிள் தேனீக்களின் குடலில் கிரித்திடியா என்னும் ஓர் ஒட்டுண்ணி வாழ்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒற்றை உயிரணு. அதற்குச் சாட்டைபோன்ற ஓர் இழை உண்டு. அந்த இழையால் குடலின் சுவரைப் பற்றிக்கொண்டு பெருகும். நோயுற்ற தேனீயின் கழிவு பூவில் பட்டால், அப்பூவுக்கு வரும் அடுத்த தேனீக்கும் நோய் தொற்றும். பனிக்காலம் உறங்கி எழுந்த ராணிக்கு இந்நோய் இருந்தால் தனியே குடும்பம் தொடங்குவது மிகக் கடினம்.

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வேலிகளிலும் காடுகளிலும் படரும் மஞ்சள் மல்லிகை போன்ற ஒரு கொடி உண்டு. அதன் தேனில் ஜெல்சிமின் என்னும் நஞ்சு இருக்கிறது. நோயுற்ற பம்பிள் தேனீக்களுக்கு அந்நஞ்சு கலந்த பாகைக் கொடுத்தபோது ஒட்டுண்ணிகள் குறைந்தன என்று 2010-இல் எழுதினார்கள். ஐந்தாண்டு கழித்து, பூந்தேனில் காணப்படும் எட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். அவற்றுள் நான்கு இந்நோயைத் தணித்தன. புகையிலை இனத்தில் உள்ள அனபேசின் என்ற அல்கலாய்டு ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கையை 81 விழுக்காடு குறைத்தது. ஓமத்திலும் உள்ள தைமாலும் அந்த நான்கனுள் ஒன்று. வயிற்று வலிக்கு ஓமநீர் கொடுக்கும் நம் பாட்டிமார் இதைக் கேட்டால் வியக்கமாட்டார்கள்.

பிரிட்டனின் மேட்டு நிலங்களில் ஹெதர் என்னும் குறுஞ்செடி பரந்து பூக்கிறது. வேனில் முடியும் காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை அதன் ஊதாப் பூக்களே. கியூ தோட்டத்து ஆராய்ச்சியாளர் ஹௌக்கே கோக்கும் அவருடைய துணைவர்களும் அதன் தேனில் காலுனீன் என்ற பொருளைக் கண்டு 2019-இல் அறிவித்தார்கள். தேனீ அத்தேனை உண்ணும்போது, அதன் தேன்பையிலேயே இப்பொருள் ஒட்டுண்ணியைத் தாக்குகிறது. ஒட்டுண்ணி தன் சாட்டை இழையை இழந்துவிடுகிறது. இழை இல்லையேல் குடற்சுவரைப் பற்ற முடியாது; நோயும் பற்றாது. பூவில் இயற்கையாக உள்ள அளவே இதற்குப் போதுமானது.

ஆனால் அந்த ஹெதர் நிலங்கள் ஐரோப்பா எங்கும் சுருங்கிவிட்டன. உழவுக்கும் மரத்தோப்புக்கும் கட்டடத்துக்கும் அவை இரையாயின. ஒரு பூ மறைந்தால் தேனீக்கு உணவு குறையும் என்பதே நாம் இதுவரை எண்ணியது. உணவோடு மருந்தும் போய்விடுகிறது என்பது இப்பொழுதுதான் தெரிகிறது. வேறு பூவை நட்டு உணவை ஈடு செய்யலாம். அப்பூவின் தேனில் அம்மருந்து இருக்கவேண்டுமே!

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நாமறிந்த பழமொழி. அளவுக்கு உட்பட்டால் நஞ்சும் மருந்து என்பது அதன் மறுபாதி. ஆனால் அந்த அளவை யார் வகுப்பது? செடியும் தேனீயும் எண்ணற்ற தலைமுறைகள் கூடி வாழ்ந்து வகுத்துக்கொண்ட அளவு இது. நாம் தெளிக்கும் மருந்துகளுக்கு அத்தகைய காலம் வாய்ப்பதில்லை. நிக்கோட்டினைப்போல் நரம்பில் வேலை செய்யும் நியோனிக்கோட்டினாய்டு என்னும் பூச்சிக்கொல்லிகளை மனிதன் செய்தான். விதையில் தடவினால் போதும். செடியெங்கும் பரவித் தேனிலும் மகரந்தத்திலும் வந்துவிடும். பம்பிள் தேனீக்களால் அவற்றைச் சுவைத்தறிய முடியவில்லை. ஆயினும் அவற்றுள் இரண்டு கலந்த பாகையே அவை விரும்பி மிகுதியாக உண்டன என்று 2015-இல் கண்டார்கள்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் வில்சன்வில் என்னும் ஊரில் 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லிண்டன் மரங்கள் பூத்திருந்தன. மரங்களின் அடியில் ஏறக்குறைய 50,000 பம்பிள் தேனீக்கள் மடிந்து கிடந்தன. லிண்டன் மரத்தடியில் தேனீக்கள் செத்துக் கிடப்பது ஐரோப்பாவிலும் பலகாலமாகக் கண்டதுதான். மரத்தின் தேனில் நஞ்சு உண்டு என்ற பழி நெடுநாளாக இருந்தது. ஆனால் வில்சன்வில்லில் கொன்றது மரமன்று. பூத்திருந்த மரங்களின்மேல் அசுவினிப் பூச்சிக்காக இவ்வகைப் பூச்சிக்கொல்லியைத் தெளித்திருந்தார்கள். 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகையில் மூன்று மருந்துகளைத் திறந்த வயல்களில் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தது. செடியின் நஞ்சையும் மனிதனின் நஞ்சையும் ஒன்றாக எண்ணக்கூடாது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

இனி எருக்கம்பூவுக்குத் திரும்புவோம். எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த பாற்செடிகள் பல அமெரிக்காவில் வளர்கின்றன. அவற்றின் பாலிலும் இலையிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. அவற்றுட் சிலவற்றின் பூந்தேனிலும் அந்நஞ்சு இருப்பதையும், ஆனால் இலையில் உள்ளதைவிட அது மிகக் குறைவு என்பதையும் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். பம்பிள் தேனீக்கள் அதற்கு அஞ்சி விலகவில்லை. நம் எருக்குக்கு மகரந்தம் சுமப்பவை அந்தக் கருவண்டுகளே. எருக்கு காய்ப்பது அவற்றால்தான். நஞ்சுப் பால் இலை தின்ன வருபவருக்கு. தேன் மகரந்தம் சுமக்க வருபவருக்கு. விருந்தில் நஞ்சு இராது என்று நான் சொன்னதும் பிழை. நஞ்சிருந்தால் உண்பவர் எல்லாரும் சாகவேண்டும் என்று நினைப்பதும் பிழை. எந்தப் பொருள், எவ்வளவு, யாருக்கு என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும். ஏழாம் வகுப்புச் சிறுவன் அம்மூன்றில் ஒன்றைத் தானாகவே கேட்டான். வண்டுக்கு என்ன ஆகும் என்றுதானே அவன் கேட்டான்!

ஆசிரியராகப் பணிபுரிவோர் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாதபோது, தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அக்கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள். விடை ஒரு வாரத்தில் வரலாம், ஓராண்டில் வரலாம். நான் சொன்ன பல பாடங்களைப் பிள்ளைகள் மறந்திருப்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு கேள்வியை வாயடைத்து உட்காரவைத்தது மட்டும் இன்னும் என் நினைவை விட்டு நீங்கவில்லை.

அச்சிறுவன் இப்பொழுது நடுவயதைக் கடந்துகொண்டிருப்பான். எந்த ஊரில் என்ன தொழில் செய்கிறானோ, நான் அறியேன். அவன் இன்று வானொலிக்கு அருகில் இருந்தால் அவனுக்குச் சொல்லிக்கொள்கிறேன். தம்பி, அன்று நீ கேட்டது நல்ல கேள்வி. அதை அறிந்தவர்கள் பெரிய ஆய்வுக்கூடங்களில் ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விடை சொல்ல எனக்கு இத்தனை காலம் ஆயிற்று. பொறுத்துக்கொள்.